அடைப்புக்குறிக்குள் இருந்த உம்மா

முதலில் என் மடத்தனத்தை நானே சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொன்னால் இன்னும் கேவலமாக இருக்கும். ஒரு நாடகத்தை அதன் அடைப்புக்குறிகளையெல்லாம் விட்டுவிட்டு வாசித்து, அது நாடகமே இல்லையென்று தீர்ப்பும் சொன்னவன் நான். மீனை வீசிவிட்டு, சுற்றிவந்த கடதாசியைக் குழம்பு வைத்து, ருசி காணாது என்று சொன்னவனைப் போல. இந்த உவமையும் எனக்குக் கொஞ்சம் சாதகமானதுதான். மீனை வீசியவன் ஒரு பூனைக்காவது உதவியிருப்பான்.

எழுபதுகளின் கடைசி. சூறாவளி வந்து எங்கள் கரையோரத்துக் கிடுகுக் கூரைகளையெல்லாம் அள்ளிக்கொண்டு போனதற்கு மறுவருடம் என்று நினைக்கிறேன். நான் கல்முனையில் ஒரு பள்ளிக்கூடத்தில் புவியியல் படிப்பித்துக்கொண்டிருந்தேன். கொழும்புக்கு ஓர் ஆசிரியர் பயிற்சிக்குப் போன இடத்தில் இரண்டு ஓரங்க நாடகங்கள் பார்த்தேன். இரண்டே இரண்டு. திரும்பி வரும்போது தோளில் ஒரு துணிப்பையும் முகத்தில் ஒரு தாடியும் இருந்தன. தாடி இடது பக்கம் மட்டும்தான் ஒழுங்காக வளர்ந்தது. நாடக அறிவும் அப்படித்தான் வளர்ந்திருக்கிறது என்று சொல்ல ஊரில் ஆளில்லை.

அதுவரை எங்கள் பக்கத்தில் நாடகமென்றால் பெருநாள் முடிந்த கையோடு மூன்று மணித்தியாலம் ஓடும் சரித்திர நாடகம். அரசன், மந்திரி, அட்டைக் கத்தி, அடுக்குமொழி. நடிக்கத் தெரியாதவனைத் திரை இழுக்க விடுவார்கள். ஒரு வருடம் அந்த வேலை எனக்குக் கிடைத்தது. அரசன் சாகுமுன்பே இழுத்துவிட்டேன். அவர் திரைக்குப் பின்னால் நின்று, யாருக்கும் தெரியாமல், முழு வசனத்தையும் சொல்லி முடித்துத்தான் செத்தார்.

குறுநாடகங்கள் வேறு சாதி. அரை மணித்தியாலம், இரண்டு கதிரை, நாலு ஆட்கள், முடிந்தது. ஒன்றில் இரண்டு பேர் ஒரு கதிரைக்காக வழக்காடுவார்கள். கடைசியில் பார்த்தால் அதற்கு மூன்று கால்தான். இன்னொன்றில் கந்தோர் எழுதுவினைஞர் ஒருவர் தன்னுடைய மரண அறிவித்தலைத் தானே தட்டச்சு செய்து, எழுத்துப்பிழை பார்த்துக்கொண்டிருப்பார். கொழும்பிலும் பேராதனையிலும் யாழ்ப்பாணத்திலும் எங்கள் வயதுக்காரர்களே எழுதிக்கொண்டிருந்தார்கள். சஞ்சிகைகளில் வரும். அரசன் இல்லாமலே நாடகம் நடக்கும் என்பதும், நம்மைப் போன்ற ஆளொருவன் பனியனோடு மேடையில் ஏறலாம் என்பதும் எங்களுக்குப் பெரிய புதினம்.

கடைத்தெருவில் என் கூட்டாளி ஒருவன் தையல்கடை வைத்திருந்தான். கடைக்கு மேலே பலகைத் தட்டு. துணிக்கட்டுகள் அடுக்கும் இடம். வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ முடிந்து, சோறு தின்று, ஒரு கண் தூங்கி எழும்பி, அஸர் தொழுகைக்குப் பிறகு அங்கே ஏழெட்டுப் பேர் கூடுவோம். ஒரு நாடகத்தை ஆளுக்கொரு பாத்திரமாக வாசித்து ரசிப்போம். தையல்காரன் மட்டும் ஏறமாட்டான். கீழே மெஷினில் இருந்தபடியே ஏணித் துவாரத்தால் பகிடி எறிந்துகொண்டிருப்பான்.

சஞ்சிகை ஒன்று, வாய் ஏழு. தன் வசனத்தை வாசித்தவர் அடுத்தவர் மடியில் அதை எறிய, அவர் இடம் தேடிப் பிடிப்பதற்குள் மஃரிப் தொழுகை நேரம் வந்துவிடும். ஆகவே நான் ஒரு சட்டம் கொண்டுவந்தேன்.

“அடைப்புக்குள்ள கிடக்கிறதெல்லாம் நடிக்கிறவனுக்கு. நமக்கு வசனம் காணும்.”

கொழும்பில் இரண்டு நாடகம் பார்த்தவன் சொன்னால் யார் மறுப்பது? அன்று தொடக்கம் எங்கள் நாடகங்களில் யாரும் நடக்கவில்லை, இருக்கவில்லை, கதவு திறக்கவில்லை. எல்லோரும் கதைத்துக்கொண்டேயிருந்தார்கள்.

பெண்கள் அங்கே ஏறி வருவதில்லை. அதனால் நாடகத்திலுள்ள பெண்களெல்லாம் என் பொறுப்பு. கழுத்துச் சால்வையைத் தலையில் போட்டுக்கொண்டு, மூக்கால் ஒரு கீச்சுக் குரல் எடுப்பேன். கதாநாயகி, கிழவி, டாக்டரம்மா எல்லோருக்கும் அதே கீச்சு. தட்டே அதிரச் சிரிப்பார்கள்.

“மச்சான், உன்னப் பொண்ணு கேட்டு ஆராவது வந்தா, நான்தான் உன்ட வாப்பா இடத்தில வலிகாரனா நிண்டு ஒப்பம் வைப்பன்!” என்று கீழேயிருந்து தையல்காரன் கத்துவான். அந்தச் சிரிப்புக்காகவே நான் வெள்ளிக்கிழமையை எதிர்பார்த்திருந்தேன். நாடக ரசனை என்று அதற்குப் பெயரும் வைத்திருந்தேன்.

நான் எங்கே குடியிருந்தேன் என்பதையும் சொல்லவேண்டும். எங்கள் ஊர் வழக்கம் இது: மகளுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம் முடிப்பார்கள். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியேறுவார். அந்த வீட்டைக் கட்டிய தாயும் தகப்பனும் பின்வளவுக் குசினிக்கோ, சுவரோரம் இறக்கிய ஒத்தாப்புக்கோ ஒதுங்கிக்கொள்வார்கள். கல்முனைக்குடியில் என் மனைவிக்குக் கொடுத்த வீட்டுக்கு நான் ஒரு சூட்கேசோடு முன்வாசலால் வந்தேன். மாமாவும் மாமியும் ஒரு பாயோடு பின்வாசலால் குசினிக்குப் போனார்கள். இதில் ஏதோ இருக்கிறது என்று ஐந்து வருடமாக எனக்குத் தோன்றவேயில்லை. ஊரில் எல்லா வீட்டிலும் அப்படித்தானே? வெயில் அடிப்பதைப் பற்றி யார் யோசிக்கிறார்கள்?

அந்த வருடம் ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பள்ளிக்கூட மண்டபத்தில் ஒரு குறுநாடகம் போடுவதென்று தீர்மானித்தோம். வாசிப்பதில் நல்லதை எடுப்போம் என்று சொல்லிவைத்திருந்தோம். அப்போதுதான் மருதமுனையிலிருந்து வரும் நெசவுக்கார இளைஞர் ஒருவர், ஒரு கொப்பியை என் கையில் தந்தார். இரண்டு மாதமாக வந்து ஏணிக்கரையில் இருந்து கேட்டுவிட்டுப் போகிறவர். அவர் வாய் திறந்து பேசியதை அன்றுதான் கேட்டேன்.

“சேர், நான் எழுதின. இண்டைக்கு வாசிக்க ஏலுமா?”

“ஏலாம என்ன.”

“கொஞ்சம் சத்தமா வாசிச்சா நல்லம், சேர்.”

ஏன் சத்தமாக என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். கீழே தையல்கடையின் பலகை வாங்கில் அவருடைய உம்மா இருந்தார். எழுத்து வாசனை இல்லாதவர். ஆண்கள் கூட்டத்துக்குள் ஏறிவர முடியாதவர். கால் நோவுக்கு மருந்தெடுப்போம் என்று சொல்லி மகன் கூட்டிவந்து அங்கே இருத்தியிருந்தார். பலகை இடுக்குகளால் குரல் கீழே இறங்கும் என்பதை இரண்டு மாதமாக இருந்து பார்த்துத் தெரிந்துவைத்திருந்தார். நாடகம் அந்த உம்மாவைப் பற்றியது. அது மேடை ஏறினாலும் ஏறாவிட்டாலும் உம்மா ஒருதரம் காதால் கேட்க வேண்டும். மகனுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். இதெல்லாம் எனக்கு ஒரு மணித்தியாலம் பிந்தித் தெரியவந்தது. அந்த ஒரு மணித்தியாலத்துக்குள் நான் செய்ய வேண்டியதைச் செய்து முடித்துவிட்டேன்.

நாடகத்தில் மகளுக்குக் கலியாணம் முடிந்த மறுநாள். மருமகன் கதைக்கிறார், மகள் கதைக்கிறாள், வந்துபோகும் சொந்தக்காரர் நிறையக் கதைக்கிறார். உம்மாவுக்கு நாலே வசனம். அடைப்புக்குறிகளோ பக்கம் பக்கமாக. நான் சால்வையைத் தலையில் போட்டேன்.

“வாங்க மகன்!”

சிரிப்பு.

“சாப்பிட்டீங்களா மகன்!”

தபால் கந்தோரில் வேலைசெய்யும் ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். அடைப்புகளைத் தாண்டித் தாண்டி ஓடியதால் வசனங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. “எனக்கென்ன குறை!” என்றதும் தட்டு அதிர்ந்தது. “கதவச் சாத்திக்கங்க மகன்!” என்பதோடு நாடகம் முடிந்தது. தேத்தண்ணி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

நான் சால்வையை எடுத்துவிட்டு விமர்சகர் ஆனேன்.

“தம்பி, நாலு வசனத்துக்கு நாடகமெண்டு பேர் வெச்சா, எங்கட பள்ளிக்கூட இடாப்பும் நாடகம்தான். அதிலயாவது முப்பத்தஞ்சு பேர் ‘வந்திருக்கன்’ எண்டு சொல்றான்.”

அதற்கும் சிரித்தார்கள். அந்த இளைஞரும் சிரித்தார். “ஓம் சேர்” என்றார். ஏணியால் இறங்கிப் போனார். கொப்பி என் மடியிலேயே கிடந்தது. அந்த நாடகத்தின் ஒரே பிரதி அது.

எல்லோரும் கலைந்த பிறகு நான் இறங்கினேன். தையல்காரன் மெஷினை மூடிக்கொண்டிருந்தான். வழக்கமான பகிடி வரவில்லை.

“இந்த வாங்கில ஒரு உம்மா இருந்தாங்க மச்சான்.”

“ஆரு?”

“அந்த மருதமுனைப் பொடியன்ட உம்மா. அவங்க கேக்கட்டுமெண்டுதான் கூட்டி வந்திருக்கான். நீங்க மேல சிரிக்கிற ஒவ்வொரு தரமும் தலைய நிமித்திப் பாத்தாங்க. மேல என்ன கலியாண ஊடா எண்டு எனக்கிட்டக் கேட்டாங்க.”

“நீ என்ன சொன்ன?”

“நான் என்னத்தச் சொல்ல? ஊசியில நூல் கோத்துக்கொண்டிருந்தன்.”

அவனுக்கு அது பதினைந்து வருடத் தொழில். அந்த நேரத்தில் ஊசியில் நூல் ஏறவில்லையாம்.

மறுநாள் சனிக்கிழமை. நான் விறாந்தையில் இருந்து பிள்ளைகள் வரைந்த தேசப்படங்களுக்குப் புள்ளி போட்டுக்கொண்டிருந்தேன். ஒருவன் கிழக்கே ஓடும் மகாவலி ஆற்றைக் கொண்டுபோய்த் தெற்கே காலிக் கடலில் விட்டிருந்தான். அவனை ஏசும் தகுதி எனக்கு அன்று இல்லை, சரியென்று போட்டுவிட்டேன். உள்ளேயிருந்து என் மனைவி அந்தக் கொப்பியோடு வந்தாள்.

“இதயா நேத்து வாசிச்சிச் சிரிச்சீங்க?”

“சிரிச்ச அவங்க. நான் வாசிச்ச மட்டும்தான்.”

“அடைப்புக்குள்ள இருக்கிறதயும் வாசிச்சீங்களா?”

“அது நடிக்கிறவனுக்குரியது.”

கறி நல்லாயிருக்கிறது என்று சொல்லிக்கொண்டே சோற்றை மிச்சம் வைப்பவனைப் பார்ப்பதுபோல் அவள் என்னைப் பார்த்தாள். பிறகு பின்வளவுக்குப் போய்விட்டாள். குசினி வாசற்படியில் இருந்து தன் உம்மாவுக்கு, என் மாமிக்கு, அதை வாசிக்கத் தொடங்கினாள். கீச்சுக் குரல் இல்லை. அரிசி விலை சொல்வதுபோல் சாதாரணமாக வாசித்தாள். அடைப்புகளையும் சேர்த்து.

“வாங்க மகன். (நடுவீட்டுக் கதவு வரை வருகிறாள். நிலையில் கைவைத்து நிற்கிறாள். அது நேற்றுவரை அவளுடைய கதவு. செருமுகிறாள். உள்ளே கதைக்கிறவர்களுக்குக் கேட்கவில்லை. திரும்பிப் போகிறாள்.)”

என் கையில் சிவப்புப் பேனை அப்படியே நின்றது. என் மாமி காலையில் நடுவீட்டுக் கதவடியில் வந்து செருமுவார். ஐந்து வருடமாக. அவருக்கு நெஞ்சுச் சளி என்று நான் முடிவுகட்டியிருந்தேன். ஒருதரம் கல்முனைக் கடையில் இருமல் பாணி ஒரு போத்தல் வாங்கி, மருமகனின் கரிசனத்தோடு கொடுத்தும் இருக்கிறேன். அவரும் மறுக்காமல் முழுப் போத்தலையும் குடித்து முடித்தார்.

என் மனைவி வாசித்துக்கொண்டே போனாள். நாடகத்து உம்மா வீட்டிலிருந்து ஒவ்வொரு சாமானாகக் குசினிக்குக் கொண்டுபோகிறாள். தலையணை, வெற்றிலைத் தட்டம், தொழுகைப் பாய். கடைசியில் படுக்கிற பாய். அதை விரித்தால் அடுப்பு இடிக்கிறது. ஒரு பக்கத்தை மடித்து விரிக்கிறாள். “(அவள் பாயை விரித்து முடிக்கும்வரை திரை பொறுக்க வேண்டும். அவசரப்படக் கூடாது.)” என்று முடிந்திருந்தது.

 பிறகு மாமியின் குரல் கேட்டது.

“பாயிட எந்தப் பக்கத்த மடிச்சாவாம்? தலமாட்டயா, காமாட்டயா?”

“அது எழுதல்ல உம்மா.”

“காமாட்டத்தான் மடிப்பா. அடுப்புச் சூடு காலுக்குப் பட்டாப் பரவாயில்ல, தலைக்குப் படப்படாது.” பிறகு, “எழுதின புள்ள கிட்ட நிண்டு பாத்திரிக்கி” என்றார்.

நாடகத்தைப் பற்றி எத்தனையோ பேர் கதைத்துக் கேட்டிருக்கிறேன். நானும் கதைத்துப் பலரைத் தூங்கவைத்திருக்கிறேன். அதைவிட நல்ல ரசனைக் குறிப்பு ஒன்றை இன்றுவரை கேட்டதில்லை. எழுதியவர் எங்கே நின்று பார்த்தார், எதைப் பார்க்கத் தவறினார் என்ற இரண்டும் அதில் இருந்தன. எழுத்துக் கூட்டவும் தெரியாத மாமி, அடைப்புக்குறிக்குள் போய்ப் பாயை விரித்துப் பார்த்துவிட்டு வந்திருந்தார்.

அன்று பின்னேரம் குசினி வாசலுக்கு நான் போனேன். ஐந்து வருடத்தில் அந்தப் படியில் நான் நின்றது எத்தனை தரம் என்று யோசித்தேன், ஞாபகம் வரவில்லை. எப்படித் தொடங்குவதென்று தெரியாமல் வாசலில் நின்று செருமினேன். மாமி முந்தானையைத் தலையில் இழுத்துக்கொண்டு எழும்பினார்.

“என்ன மகன், தடிமனா? இருங்க, கொத்தமல்லி அவிச்சித் தாறன்.”

“தடிமன் இல்ல மாமி. நீங்களும் மாமாவும் முன்னுக்கு வந்து படுங்களன். நடு அறை சும்மாதானே கிடக்கு.”

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். காய்ச்சலும் இருக்கிறதோ என்று பார்த்திருக்கலாம்.

“குடுத்த ஊட்டுக்குள்ள போய்ப் படுக்கிறதா? நல்ல கதை. எங்களுக்கு என்ன குறை மகன்?”

அந்த வசனத்தை முந்தின நாள் நான் கீச்சுக் குரலில் சொல்லியிருந்தேன். கொத்தமல்லித் தண்ணியைக் குடித்தேன். நான் கொடுத்த இருமல் பாணிக்கு அது சரியாகப் போயிற்று என்று சொல்லமுடியாது. அவர் ஒரு போத்தல் குடித்தார். நான் குடித்தது ஒரு கோப்பைதான்.

ஞாயிற்றுக்கிழமை கொப்பியையும் எடுத்துக்கொண்டு மருதமுனைக்குச் சைக்கிள் மிதித்தேன். தறிச் சத்தத்தை வைத்தே அந்த வளவைக் கண்டுபிடித்தேன். முன்னால் தங்கைக்குக் கொடுத்த ஓட்டு வீடு. பின்னால் குசினி. இரண்டுக்கும் நடுவில் தகரக் கொட்டிலில் தறி. இளைஞர் தறியில் இருந்தார். என்னைக் கண்டதும் தலையை மட்டும் அசைத்தார், கை நிற்கவில்லை. குசினிக்குள்ளிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தார்.

“வாங்க மகன்” என்றார்.

நான் சைக்கிளை வேலியில் சாய்த்தேன்.

“சாப்பிட்டீங்களா மகன்?”

“ஓம் உம்மா” என்றேன். சாப்பிட்டிருக்கவில்லை. என் குரலைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது.

“இந்தக் குரல்தானே! அண்டைக்குத் தையல்கடையில மேல பொம்புளக் குரலெடுத்துக் கதைச்ச நீங்கதானே?”

“ஓம் உம்மா.”

“எனக்குக் கதை விளங்கல்ல மகன். ஆனா என்ன சிரிப்பு! எங்கட மகன் ஊமை மாதிரித் திரிவான், இவ்வளவு பேரச் சிரிக்க வைப்பானெண்டு ஆருக்குத் தெரியும்?” அவர் பெருமையோடு மகனைப் பார்த்தார். மகன் துணியைப் பார்த்தார். உம்மா எனக்குத் தேத்தண்ணி போட உள்ளே போனார்.

நான் கொட்டிலுக்குள் குனிந்து போனேன்.

“தம்பி, அடைப்ப விட்டுப்போட்டு வாசிச்சிட்டன்.”

“தெரியும் சேர்.”

“அப்ப ஏன் ஒண்டும் சொல்லல்ல?”

“நீங்க நல்லாச் சிரிச்சிக்கொண்டிருந்தீங்க.”

தறி ஓடிக்கொண்டேயிருந்தது. மன்னிப்புக் கேட்கும் அடுக்குமொழிகளை வழிநெடுகச் சைக்கிளில் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்தேன். சரித்திர நாடகத்து அரசன்கூடச் சொல்லமாட்டான், அவ்வளவு நீளம்.  மாமி கேட்டதை மட்டும் சொன்னேன். உம்மா பாயின் எந்தப் பக்கத்தை மடித்தார்?

தறி நின்றது. அவர் திரும்பிக் குசினிப் பக்கம் பார்த்தார். நானும் பார்த்தேன். சுவரோரம் பாய் சுருட்டி நிறுத்தியிருந்தது. அதன் ஒரு நுனி மட்டும் புகைபட்டுக் கறுத்திருந்தது. அவர் கொப்பியை வாங்கினார். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, கடைசி அடைப்புக்குள் ஒரு சொல் எழுதினார். என்ன எழுதினார் என்று எட்டிப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

அவர் எழுதியதைக் கண்டதும் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. நம்பிக்கை வந்தால் என் வாய் நிற்காது.

“பெருநாளுக்கு இதத்தான் போடுறம் தம்பி. எல்லாருக்கிட்டயும் நான் சொல்றன். மண்டபத்தில பொம்புளையளுக்கு மறைப்புக் கட்டி வேற இடம் இருக்கு. உம்மா இருந்து, கண்ணால பாக்கட்டும். உம்மாட பாகத்த நானே நடிக்கிறன். கீச்சுக் குரல் இல்ல, சத்தியமா. நடப்பன், நிப்பன், செருமுவன், பாய் விரிப்பன். அடைப்புக்குள்ள உள்ள ஒண்டையும் விடமாட்டன்.”

அவர் கொப்பியை மூடி மடியில் வைத்துக்கொண்டார். உம்மா தேத்தண்ணிக் கோப்பையோடு குசினிப் படியில் இறங்குவதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“நீங்க திரைய இழுங்க சேர், போதும்.”